முந்நூறு குரோஸ்

"முந்நூறு குரோஸ் எண்ணினேன், தாயி" என்று சீனித்தாய் சொன்னபோது, காய்ச்சலில் ஏதோ உளறுகிறாள் என்றுதான் தமயந்தி நினைத்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆகியிருந்தது.

அது வியாழக்கிழமைக் காலை. தீக்காயப் பிரிவில் மறுநாள் கட்டு மாற்ற வேண்டியவர்களிடம் ஒரு படிவத்தோடு போய், போன முறை எவ்வளவு நேரம் ஆனதாகத் தோன்றியது என்று கேட்டு எழுதுவது தமயந்தியின் வேலை. கட்டு மாற்றிய அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேட்டாலும் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள், கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது என்று. பழக்கதோஷத்தில் அவள் பாதி எழுதியும் விட்டாள். 'கண்ணை மூடி' வரைக்கும் வந்த பேனா அங்கேயே நின்றது.

"என்னத்தக்கா எண்ணினீங்க?"

"சும்மாதான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. பட்டாசு எண்ணிப் பாக்கெட் போட்டே இருபது வருசம் ஆச்சா, சும்மா கெடந்தாலும் மனசு எண்ணிக்கிட்டே கெடக்கும். நூத்தி நாப்பத்தி நாலு வந்தா ஒரு குரோஸு. முந்நூறு முடியவும் கட்டுப் போட்டு முடிச்சாங்க." பிறகு, தப்பாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்ற கூச்சத்தோடு கேட்டாள். "மத்தவுகல்லாம் எப்படித்தான் தாங்குதாகளோ?"

தமயந்தி நடைக்கு வந்து, படிவத்தின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தாள். முந்நூறை நூற்று நாற்பத்து நாலால் பெருக்கினால் நாற்பத்து மூவாயிரத்து இருநூறு. எண்ணுக்கு ஒரு விநாடி என்று வைத்து, அதை அறுபதால் வகுத்து, மறுபடி அறுபதால் வகுத்தாள். பன்னிரண்டு வந்தது. கணக்கில் அவள் எப்போதுமே கெட்டி. அன்றைக்கு மட்டும் தப்பாகப் போட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை சீனித்தாய்க்குக் கட்டு மாற்ற ஆனது நாற்பது நிமிடம். வெந்த தோலிலிருந்து பழைய துணியை உரித்து, புண்ணைக் கழுவி, மருந்து தடவி, புதிய துணி சுற்றுகிற அந்த நாற்பது நிமிடத்தை அவள் பன்னிரண்டு மணி நேரமாக அனுபவித்திருக்கிறாள்.

அந்தப் பிரிவுக்கு இயந்திரம் வந்து இரண்டு வருடமாகிறது. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு முழ நீளப் பெயர் உண்டு. யாருக்கும் வாயில் நுழையாததால் 'சுருக்கி' என்று கூப்பிட ஆரம்பித்து, டாக்டர் உட்பட எல்லாருக்கும் அதுவே நிலைத்துவிட்டது. தலையைச் சுற்றி ஒரு பட்டை, பட்டையிலிருந்து ஒரு வயர், வயரின் முனையில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. வலியை அது ஒன்றும் செய்யாது. வலிக்கிற நேரத்தைச் சுருக்கிவிடும். பதினெட்டு என்று வைத்தால் நாற்பது நிமிடம் நோயாளிக்கு இரண்டே கால் நிமிடமாகத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டே கால் நிமிடம் யார்தான் தாங்க மாட்டார்கள்?

சுருக்கி வருவதற்கு முன்னால் கட்டு மாற்றும் நாட்களில் இங்கிருந்து கிளம்பும் அலறல் வெளிக்கேட் டீக்கடை வரை கேட்கும். டீக்கடைக்காரர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைப்பார். சுற்று வட்டாரம் முழுக்கப் பட்டாசு ஆலைகள். வெடி விபத்து என்றால் ஆட்களைக் கொண்டுவந்து போடுகிற இடம் இது. இப்போதும்கூட ஒரே ஆலையிலிருந்து வந்த ஒன்பது பேர் படுத்திருந்தார்கள். டீக்கடையில் பாட்டுச் சத்தம் குறைந்துதான் இருந்தது.

சுருக்கிக்கு ஒரு முறை உண்டு. பட்டையை மாட்டியதும் நோயாளி ஒரு சின்ன அட்டையைத் தன் மனசுக்குத் தோன்றிய தாளத்தில் தட்ட வேண்டும். அந்த ஆளின் தாளம் எது என்று இயந்திரம் பிடித்துக்கொள்ளக் கால் மணி நேரம் ஆகும். கை வெந்தவர்கள் கால் பெருவிரலால் தட்டலாம். ஆனால் கையே பழகாத வேலைக்குக் கால் எப்படிப் பழகும்? தட்டுவார்கள், விட்டுவிடுவார்கள், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வரிசையில் அடுத்தவர் காத்துக்கொண்டிருப்பார். அதனால் இங்கே ஒரு வழக்கம் வந்தது. கைக்கட்டு நோயாளிகளுக்கு ஊழியரே தட்டிக் கொடுத்துவிடுவது. எழுதப்படாத வழக்கம்தான், தமயந்தி பத்துப் பேருக்காவது தட்டிக் கொடுத்திருப்பாள். பத்துப் பேருக்கும் ஒரு குறையும் வரவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை அவளுடைய அண்ணன் மகனுக்குக் காதுகுத்து. அத்தை மடியில் வைத்துத்தான் குத்துவோம் என்று அண்ணி நான்கு தடவை போன் செய்துவிட்டாள். ஒன்று நாற்பது பஸ்ஸை விட்டால் அடுத்தது மூன்றரைக்குத்தான். கடைசி நோயாளி சீனித்தாய். இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு, நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். காலால் தட்டச் சொன்னால் இன்றைக்கு முடிந்த மாதிரிதான் என்று தமயந்தி தானே அட்டையைத் தட்டினாள். பழகிய கை, மூன்று நிமிடத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

நடுவில் சீனித்தாய் முனகினாள். உதடு ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. கட்டு மாற்றிக்கொண்டிருந்த சிஸ்டர் ரெஜினா நிமிர்ந்து பார்த்தார்.

"உடம்பு முனகுது சிஸ்டர், மனசுக்கு ஒண்ணும் தெரியாது. காய்ச்சல்ல உதடு நடுங்குது. நீங்க பண்ணுங்க" என்றாள் தமயந்தி.

வாயால் சொன்னது அதுதான். பார்வை என்னவோ சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். காதுகுத்து முடிந்து, முதல் பந்தியில் இடம் இல்லாமல் இரண்டாம் பந்திக்காக அரை மணி நேரம் சும்மா நின்றாள். மிச்சம் பிடித்த நேரத்தை அப்படித்தான் செலவழித்தாள்.

இதையெல்லாம் டாக்டர் அழகுவேலிடம் அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் செவ்வாய்க்கிழமைப் பதிவைத் திரையில் எடுத்தார். நோயாளி பிழைத்து எழுந்தால் யாரும் திறந்து பார்க்காத பதிவு. கீழே இறங்க வேண்டிய கோடு நாற்பது நிமிடமும் மேலேயே ஏறி நின்றது.

"மூளைக்குள்ள கடிகாரம்னு தனியா ஒண்ணு கிடையாது, தமயந்தி" என்றார். "உள்ளுக்குள்ள ஒரு தாளம் ஓடுது. எத்தனை தட்டு விழுந்துச்சோ அவ்வளவு நேரம் ஆச்சுன்னு நமக்குத் தோணும். காய்ச்சல், பயம், வலி எல்லாம் தாளத்தை முடுக்கிவிடும். காய்ச்சல்காரனுக்குப் பொழுது போகவே போகாது, பாத்திருப்பீங்க. சுருக்கி அந்தத் தாளத்தை மட்டுப்படுத்துது. ஆடுற ஊஞ்சலைக் கை வச்சு நிறுத்துற மாதிரி. ஊஞ்சல் எப்ப நம்ம பக்கம் வருதுன்னு தெரிஞ்சு வைக்கணும்."

"தெரியாம வச்சா?"

"அது போற பக்கமே கை தள்ளிவிட்டுரும்."

மற்ற பத்துப் பேருக்குக் காய்ச்சல் இல்லை, அவர்கள் தாளம் தட்டிய தமயந்தியின் தாளத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போயிருக்கும், அதிர்ஷ்டம் என்றார். இதை மேலே எழுதினால் என்ன ஆகும் என்பதையும் அவரே சொன்னார். விசாரணை முடியும்வரை எல்லா ஊரிலும் சுருக்கியைப் பூட்டி வைப்பார்கள். விசாரணை ஆறு மாதமாவது இழுக்கும். அத்தனை நாளும் இங்கே இருக்கிற ஒன்பது பேரும், இனி வரப்போகிறவர்களும் பழையபடி அலற வேண்டியதுதான்.

"இனிமே யாருக்கும் தட்டிக் கொடுக்காதீங்க. கால் மணி நேரம் ஆனாலும் அவங்களே தட்டட்டும். அந்தம்மாகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். அவங்களுக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

அவர் கெட்டவர் இல்லை. அந்த இயந்திரத்தை இந்த ஊருக்குக் கொண்டுவர நடையாய் நடந்தவர் அவர்தான். இருந்தும் தமயந்தி ஒரு கடிதம் எழுதி அவர் மேஜையில் வைத்தாள். நடந்ததை நாலு வரியில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள். அவர் படித்துவிட்டு இழுப்பறைக்குள் வைத்து மூடினார். கிழித்துப் போடவில்லை, மேலே அனுப்பவும் இல்லை.

சாயங்காலம் வரை தமயந்திக்கு வேலை ஓடவில்லை. பன்னிரண்டு மணி நேரம் என்றால் காலை ஆறு மணிக்குத் தொடங்கி மாலை ஆறு மணி வரை. அந்த நேரத்துக்குள் ஒருவர் எழுந்து, குளித்து, வேலைக்குப் போய், திரும்பி வந்துவிடலாம். அவ்வளவு நேரம் தோலை உரித்தார்கள், தான் பக்கத்தில் நின்றுகொண்டு 'நீங்க பண்ணுங்க' என்றோம் என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தன் குரலே அருவருப்பாக இருந்தது. ஐந்து மணிக்கு எழுந்து சீனித்தாயின் கட்டிலுக்குப் போனாள். காலடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

சீனித்தாய்தான் முதலில் பேசினாள்.

"காலையில நீ கேட்டுட்டுப் போனதிலிருந்து ஒன்னயவே நெனச்சுக்கிட்டிருந்தேன் தாயி. நான் எண்ணினதை மத்தவுககிட்டச் சொல்லிராத. இவுக எல்லாருக்கும் கண்ண மூடித் தொறக்கையில முடிஞ்சிருதாம். எனக்கு மட்டும் ஏன் அப்படின்னு எனக்குத் தெரியும்."

"என்னக்கா தெரியும்?"

அவள் சொன்னாள். வெடிமருந்துப் பெட்டியைத் தூக்கித்தான் வைக்க வேண்டும், தரையில் இழுக்கக் கூடாது. ஆலைக்கு வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் அது. உரசினால் பொறி பறக்கும். இருபது வருடமாக இழுத்ததில்லை. அன்றைக்குப் பெட்டி கனத்தது. கூடப் பிடிக்கிற செண்பகம் கை கழுவப் போயிருந்தாள். வெளியே வேன் ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. இந்தக் கடைசிப் பெட்டியை வாசல் வரை நகர்த்திவிட்டால் வேலை முடிந்தது.

"ரெண்டே முழம்தான் தாயி இழுத்தேன். நான் எதுக்குத்தான் இழுத்தேனோ, செத்த நேரம் நின்னா செண்பகம் வந்து பிடிச்சிருப்பா. அவ வாரதுக்கும் அது வெடிக்கதுக்கும் சரியா இருந்துச்சு. அங்கனயே போயிட்டா." சீனித்தாய் கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல் தலையணையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். "பதினாலு வருசம் ஒரே தூக்குச் சட்டியில சாப்பிட்டோம். யாரும் என்னைய ஒண்ணும் கேக்கல. போலீஸுகூடக் கேக்கல. அதான் சாமியே கேட்ருச்சு. முந்நூறு குரோஸு எண்ணி முடிக்கவும் கொஞ்சம் மனசு ஆறுச்சு தாயி. சும்மா விடலையேன்னு."

தமயந்தி எழுந்து போயிருக்கலாம். டாக்டர் சொன்னதும் அதுதான், சீனித்தாய் கேட்டுக்கொண்டதும் கிட்டத்தட்ட அதுதான். வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் எல்லாருக்கும் நல்லதாகப் போயிருக்கும் என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள். ஆனால் தன் தப்பைச் சாமி தலையில் ஏற்றிவிட்டு நகர அவளுக்குக் கால் வரவில்லை.

"அது சாமி இல்லக்கா. நான்" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். அட்டையைத் தானே தட்டியது, காதுகுத்து, பஸ், முனகலைக் கேட்டும் கேட்காதது எல்லாம். காய்ச்சலில் அவள் தாளம் வேகமாக ஓடியது, தான் மெதுவாகத் தட்டிவிட்டோம், அதனால் இயந்திரம் நேரத்தைச் சுருக்காமல் இழுத்துவிட்டது என்று, டாக்டர் சொன்ன ஊஞ்சல் வரை சொன்னாள். மன்னிச்சிருங்கக்கா என்று சொல்லிச் சீனித்தாயின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

சீனித்தாய் வெகுநேரம் மேலே சுழலும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அழுவாள், கூப்பாடு போட்டு ஆள் சேர்ப்பாள் என்று தமயந்தி எதிர்பார்த்தாள். எது நடந்தாலும் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஆலையில திரி சரியா நிக்கலைன்னா அந்த லாட்டையே கழிவுல தள்ளிருவாக" என்றாள் சீனித்தாய். "எண்ணினது எண்ணினதுதான், ஆனா கணக்குல சேராது. அப்ப நான் எண்ணின முந்நூறும் கழிவா தாயி?"



மறுநாள் பதினொரு மணிக்குக் கட்டு. தமயந்தி சீனித்தாயின் தலையில் பட்டையை மாட்டி, அட்டையை அவள் கால் பெருவிரலுக்கு அடியில் வைத்தாள். அவசரமே இல்லை, எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்றாள். சீனித்தாய் தலையசைத்துவிட்டுத் தட்ட ஆரம்பித்தாள். மற்றவர்கள் மாதிரி ஒரு தட்டுக்கூட விடவில்லை, ஒன்றுபோல் விழுந்தது. இருபது வருடம் எண்ணிய ஆள் அல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று தமயந்தி நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் மெதுவாகத்தான் இருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டதே, மெதுவாகத்தான் இருக்கும். கால் மணி நேரம் கழித்துப் பச்சை விளக்கு எரிந்தது. தமயந்திக்கு நேற்றுக் காலைக்குப் பிறகு முதல் தடவையாக மூச்சு சரியாக வந்தது.

இயந்திரம் பிடிக்க ஒரு நிமிடம் பொறுப்பது வழக்கம். ரெஜினா கத்தரியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். தமயந்தி இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்க்கவில்லை, சீனித்தாயின் முகத்தைப் பார்த்தாள். உதடு நடுங்கியது.

காய்ச்சல் இல்லை. குளிரும் இல்லை. உதடு ஓயாமல், படபடவென்று, இடைவெளியே இல்லாமல் நடுங்கியது. செவ்வாய்க்கிழமை பார்த்த அதே நடுக்கம். அது நடுக்கமே அல்ல என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சீனித்தாய் எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணும் மனசின் வேகத்துக்கு உதட்டால் ஈடுகொடுக்க முடியவில்லை.

தன் தாளத்தை விட்டு வேண்டுமென்றே மெதுவாகத் தட்டியிருக்கிறாள். எப்படித் தட்டினால் நேரம் நீளும் என்று நேற்று சாயங்காலம் காலடியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததே தமயந்திதான்.

"சிஸ்டர், கை வைக்காதீங்க" என்று சொல்லித் தமயந்தி வயரைப் பிடுங்கினாள்.

சீனித்தாய் கண் விழிக்கச் சில விநாடிகள் ஆயின. விழித்ததும் கட்டைப் பார்த்தாள். பழைய கட்டு அப்படியே இருந்தது.

"ஏன் தாயி நிறுத்தின?"

"முடியாதுக்கா."

"அன்னைக்கு ஒன்னால நடந்துச்சு. இன்னைக்கு நானா எண்ணுதேன். இது கழிவுல போகாதுல்ல?"

அவள் கெஞ்சவில்லை, ஒரு நியாயத்தைக் கேட்பதுபோல்தான் கேட்டாள். தமயந்தி முடியாது என்று தலையாட்டினாள். மறுபடி தட்டச் சொன்னால் மறுபடி இப்படித்தான் தட்டுவாள். வேறு யாராலும் அவளுக்காகத் தட்டவும் முடியாது. இனி இந்த அம்மாளுக்குச் சுருக்கி கிடையாது என்பது ரெஜினாவுக்கும் புரிந்துவிட்டது. வலிக்கு ஊசி எடுத்துவந்தார். ஊசி வலியின் முனையைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவுதான் செய்யும்.

தமயந்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு, சீனித்தாயின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எண்ணுங்கக்கா. நானும் கூட எண்ணுறேன்."

ரெஜினா முதல் துணியை வெட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. முதல் குரோஸ் முடிவதற்குள் சீனித்தாயின் அலறல் வெளிக்கேட் வரை போயிருக்கும். அலறுவாள், விட்ட இடத்தை மறக்காமல் அங்கிருந்தே தொடர்வாள். நான்காவது குரோஸில் தமயந்திக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏழாவதில் முடிந்துவிடும் என்று நினைத்தாள், பாதிகூட ஆகவில்லை. ஒன்பதாவதில் அவள் குரல் உடைந்து எண் தப்பியது. "நூத்திப் பதினொண்ணு" என்று சீனித்தாய் எடுத்துக் கொடுத்தாள். பிடித்திருந்த கை மரத்துப்போனது. டீக்கடையில் பாட்டுச் சத்தம் கூடியது இங்கே வரை கேட்டது. பதின்மூன்றாவதில் தமயந்தி, போதும், இதோடு நிறுத்திவிடலாம் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் தவித்தாள். யாரிடம் சொல்வது?

கடைசி முடிச்சைப் போட்டு ரெஜினா நிமிர்ந்தார். சுவரைப் பார்த்து நாற்பது நிமிடம் என்றார்.

"பதினாறு குரோஸு, எட்டு டஜன்" என்றாள் சீனித்தாய். முகமெல்லாம் வியர்வை. தமயந்திக்கும் முதுகு நனைந்து உடை ஒட்டியிருந்தது. அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

சீனித்தாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பாக்கெட்டுகளை அடுக்கிவிட்டு மொத்தம் எத்தனை என்று பார்க்கிற பார்வைதான்.

"அன்னைக்கு இதே மாதிரி பதினெட்டுத் தடவ, தாயி" என்றாள்.

தமயந்தி பிடித்திருந்த காலை விடவில்லை.